டீச்சராகவும் ராஞ்ச் மனைவியாகவும்: நெப்ராஸ்கா மணல்மேட்டுப் பெண்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், பகலில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு இரவில் பசுவுக்குப் பிரசவம் பார்த்த பெண்கள் மூன்று நான்கு தலைமுறைகளாக இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. சொல்ல வேண்டியது அங்கேதான் அதிகம்.

ராஞ்ச் என்றால் என்ன? நம் ஊர் மாட்டுப் பண்ணை மாதிரியா?

இல்லை. பால் மாடு கட்டிக் கறக்கும் பண்ணையை நினைத்துக்கொண்டால் படம் தப்பாகிவிடும். ராஞ்ச் என்பது இறைச்சிக்காக மாடு வளர்க்கும் பெரிய மேய்ச்சல் நிலம். பசுக்கள் ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் இருக்கும். பிறக்கும் கன்றை ஆறேழு மாதம் தாயோடு விட்டு, இலையுதிர் காலத்தில் பிரித்து விற்பார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் கையில் காசு வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிற பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

ஏன் நெப்ராஸ்காவை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்?

மொன்டானா, வயோமிங், தெற்கு டகோட்டாவிலும் இதே வாழ்க்கைதான். ஆனால் நெப்ராஸ்காவின் சாண்ட்ஹில்ஸ் பகுதியில் இது எல்லாவற்றையும் விடத் தெளிவாகத் தெரிகிறது. பெயருக்கு ஏற்றபடி அது மணல்மேடுகளின் நாடு, ஏறக்குறைய 50,000 சதுர கிலோமீட்டர். மேலே புல் போர்த்தியிருப்பதால்தான் மணல் பறக்காமல் நிற்கிறது. ஏர் பூட்டினால் நிலம் பாழ். அதனால் அங்கே மாடு தவிர வேறு பிழைப்பு கிடையாது. ஒரு பசுவுக்கும் அதன் கன்றுக்கும் ஆண்டுக்குப் பத்து ஏக்கருக்கு மேல் மேய்ச்சல் வேண்டும். அப்படியானால் வீடுகள் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கும் என்று பாருங்கள். அங்குள்ள செர்ரி என்ற ஒரு மாவட்டம் மட்டுமே கனெக்டிகட் மாநிலத்தை விடப் பெரியது. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஆறாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

அவ்வளவு ஆளில்லாத இடத்தில் பள்ளிக்கூடம் எப்படி வந்தது?

பிள்ளைகள் நடந்தோ குதிரையிலோ வரக்கூடிய தொலைவில் பள்ளி இருந்தாக வேண்டும். அதனால் சில மைல்களுக்கு ஒன்றாக ஓராசிரியர் பள்ளிகளைக் கட்டிக்கொண்டே போனார்கள். இதற்கு வேர் 1785-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தில் இருக்கிறது. நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக அளந்து, அதை 36 பங்காக்கி, 16-ஆவது பங்கைப் பள்ளிக்கென்று ஒதுக்கினார்கள். நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களுக்கு 36-ஆவது பங்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஊர் உண்டாவதற்கு முன்பே பள்ளிக்கு நிலம் எழுதி வைத்தாகிவிட்டது.

அப்புறம் 1904-இல் கின்கெய்ட் சட்டம் வந்தது. மேற்கு நெப்ராஸ்காவில் ஐந்தாண்டு தங்கிக் காட்டுகிறவருக்கு 640 ஏக்கர் இலவசம். குடும்பம் குடும்பமாக வந்து மண்கட்டி வீடு கட்டினார்கள், கூடவே பள்ளிகளும் பெருகின. முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் அமெரிக்கா முழுக்க இப்படிப்பட்ட ஒரே அறைப் பள்ளிகள் ஏறக்குறைய 1,90,000 இருந்தன.

யார் டீச்சராக வந்தார்கள்? என்ன படித்திருந்தார்கள்?

பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்கள்தான் பெரும்பாலும். ஆரம்ப காலத்தில் எட்டாம் வகுப்பு முடித்து, மாவட்டக் கல்வி அதிகாரி நடத்தும் தேர்வில் தேறினால் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழில் முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று உண்டு. மூன்றாம் தரம் வாங்கியவள் மறுபடி மறுபடி தேர்வெழுதி மேலே வர வேண்டும். பிறகு ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் வந்தன. மேற்கு நெப்ராஸ்காவுக்கு 1911-இல் சாட்ரன் ஊரில் ஒன்று திறந்தது. கோடை விடுமுறையில் அங்கே போய்ப் படித்து, குளிர்காலத்தில் பாடம் நடத்தி, பல ஆண்டுகள் இழுத்துப் பிடித்துப் பட்டம் முடித்தவர்கள் நிறைய. அந்தப் பொறுமை எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. கல்யாணமாகாத பெண்ணும் தன் பெயரில் அரசு நிலம் கேட்கலாம் என்று 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டமே அனுமதித்தது. 21 வயது ஆகியிருந்தால் போதும். கல்யாணமான பெண்ணுக்கு, கணவனை நம்பி இருப்பவள் என்று கருதி, பொதுவாக அந்த உரிமை இல்லை. அதனால் டீச்சர் வேலைக்கு வந்த பெண்கள் சிலர் பக்கத்திலேயே நிலமும் எழுதி வாங்கினார்கள். பிற்பாடு கல்யாணமானபோது அந்த நிலம் கணவனின் ராஞ்சோடு சேர்ந்தது. “தாத்தா சொத்து” என்று பேரன்கள் சொல்லும் மேய்ச்சலில் ஒரு பகுதி உண்மையில் பாட்டி கொண்டுவந்தது.

எங்கே தங்கினார்கள்?

மாணவர்களின் வீடுகளில். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே கட்டிலில் படுக்க வேண்டியும் வரும். பிற்காலத்தில் பள்ளியை ஒட்டி ஓர் அறையில் டீச்சருக்கென்று தனி வீடு வைத்தார்கள்.

பள்ளியில் ஒரு நாள் எப்படிப் போகும்?

ஜனவரி மாதத்து நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே டீச்சர் வந்துவிடுவாள். முதல் வேலை அடுப்பு. நேற்றைய சாம்பலை வாரி வெளியே கொட்டி, சோளத்தட்டையின் சக்கையோ நிலக்கரியோ போட்டுப் பற்ற வைக்க வேண்டும். மரமே இல்லாத சாண்ட்ஹில்ஸில் ஆரம்ப நாட்களில் காய்ந்த மாட்டுச் சாணம்தான் விறகு. மசிப்புட்டியில் மசி உறைந்திருக்கும், அதை அடுப்போரம் வைப்பாள். அப்புறம் தண்ணீர் வாளி, அதில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நீளக் கைப்பிடிச் செம்பு. பிள்ளைகள் குதிரையில் வந்து, பள்ளிக் கொட்டகையில் குதிரையைக் கட்டிவிட்டு உள்ளே வருவார்கள்.

பத்துப் பிள்ளைகள், எட்டு வகுப்புகள். சில வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை, சிலவற்றில் யாருமே இல்லை. முன்னால் ஒரு பெஞ்சு போட்டிருக்கும். மூன்றாம் வகுப்பு அதில் வந்து உட்கார்ந்து பத்து நிமிடம் பாடம் ஒப்பிக்கும், மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அடுத்துப் பத்து நிமிடம் ஐந்தாம் வகுப்பு. சின்னப் பிள்ளை தன் கணக்கைப் போட்டுக்கொண்டே பெரியவர்களின் பூகோளத்தைக் காதில் வாங்கிக்கொள்ளும். மேல் வகுப்புக்குப் போகும்போது பாதிப் பாடம் ஏற்கெனவே கேட்டதாக இருக்கும். பெரிய பிள்ளை சின்னதற்கு எழுத்து சொல்லிக் கொடுக்கும். ஓராசிரியர் பள்ளியில் படித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

மதியச் சாப்பாடு எனக்குப் பிடித்த பகுதி. காலையில் பிள்ளைகள் ஆளுக்கொரு உருளைக்கிழங்கு கொண்டுவந்து, தோலில் தம் பெயரின் முதல் எழுத்தைக் கீறி, அடுப்புச் சாம்பலில் புதைப்பார்கள். பத்து மணி வாக்கில் வாசனை கிளம்பும். அதற்கப்புறம் கணக்கில் மனம் ஓடுமா? பன்னிரண்டு மணிக்கு டீச்சர் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்து, எழுத்தைப் படித்து, உரியவரிடம் கொடுப்பாள்.

மாலையில் பெருக்குவது, கரும்பலகை துடைப்பது எல்லாம் அவளே. கடைசியாக வருகைப் பதிவேடு. பதிவேட்டைச் சரியாக முடித்து ஒப்படைத்தால்தான் கடைசி மாதச் சம்பளம் என்பது பல இடங்களில் விதி.

பனிப்புயல் வந்தால் என்ன செய்வார்கள்?

1888 ஜனவரி 12-ஐச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அன்று காலை வெயில் இதமாக இருந்தது. பல நாள் குளிருக்குப் பிறகு வந்த நல்ல நாள் என்று பிள்ளைகளைக் கனத்த மேலங்கி இல்லாமல் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். பள்ளி நேரத்திலேயே வடமேற்கிலிருந்து புயல் இறங்கியது. கை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்குப் பொடிப்பனி. டகோட்டா, நெப்ராஸ்கா பகுதிகளில் 235 பேர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். அதில் பிள்ளைகள் அதிகம் என்பதால் ‘பள்ளிப் பிள்ளைகள் புயல்’ என்றே அதற்குப் பெயர்.

ஆர்ட் ஊருக்குப் பக்கத்தில் மின்னி ஃப்ரீமன் என்ற இளம் டீச்சர். மண்கட்டிப் பள்ளியின் கூரையைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அவர் ஒரு பண்ணை வீடு வரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நாடே அவரைக் கொண்டாடியது. பிளெய்ன்வியூ பக்கம் லோயிஸ் ராய்ஸ் என்ற டீச்சருக்கு அந்த நல்லகாலம் வாய்க்கவில்லை. எரிபொருள் தீர்ந்து, மூன்று பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினார். வீடு அருகில்தான் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. இரவெல்லாம் வெளியில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கிடந்தார். மூவரும் இறந்தார்கள். அவருடைய பாதங்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

மின்னியின் கதையைச் சொல்கிறவர்கள் லோயிஸின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எப்போதும் வற்புறுத்துவேன். பள்ளிக்குள்ளேயே இருப்பதா, வெளியே கிளம்புவதா என்ற முடிவை இருபது வயதைச் சுற்றி நின்ற இரண்டு பெண்கள் தனியாக எடுக்க வேண்டியிருந்தது.

டீச்சர்கள் ராஞ்ச்காரர்களையே கல்யாணம் செய்துகொண்டது ஏன்?

சுற்றுவட்டாரத்தில் புதிதாக வந்த பெண் டீச்சர் ஒருத்திதான். பள்ளிக்கூடம்தான் நடனம், கூட்டம், தேர்தல், ஞாயிறு வழிபாடு எல்லாவற்றுக்கும் பொது இடம். பெண்கள் பெட்டியில் சாப்பாடு கட்டிக் கொண்டுவர, ஆண்கள் அதை ஏலத்தில் எடுத்து, கட்டியவளோடு சேர்ந்து சாப்பிடும் பழக்கம் ஒன்று உண்டு. பணம் பள்ளிக்குப் போகும். டீச்சரின் பெட்டிக்குப் போட்டி எப்படி இருந்திருக்கும்!

மொன்டானாவிலிருந்து தெரிந்த பெயர் ஒன்று சொல்கிறேன். ஆலிவ் பிக்கரிங் 1878-இல் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து மிசூலாவுக்குப் பாடம் நடத்த வந்தார், அங்கே ஜான் ராங்கின் என்பவரை மணந்து ராஞ்ச் குடும்பத்தின் தலைவியானார். அவருடைய மூத்த மகள் ஜெனட் ராங்கின், அவரும் கொஞ்ச நாள் கிராமப் பள்ளியில் பாடம் நடத்தியவர். 1916-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் அவர்தான்.

கல்யாணமான பிறகு வேலையை விட வேண்டியிருந்ததா?

நீண்ட காலத்துக்கு, ஆமாம். அமெரிக்காவில் பெரும்பாலான பள்ளி வாரியங்கள் கல்யாணமான பெண்ணை எடுக்கவே மாட்டா. டீச்சருக்குக் கல்யாணமானால் ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டும். 1930-களின் பஞ்ச காலத்தில் இந்த விதி இன்னும் இறுகியது. ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம் போதும் என்றார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்கும் இளம்பெண்கள் தொழிற்சாலைக்கும் போனதும் டீச்சருக்குப் பஞ்சம் வந்தது. பழைய சான்றிதழை மேசை இழுப்பறையில் வைத்திருந்த ராஞ்ச் மனைவியின் வீட்டு வாசலுக்கு அதே பள்ளி வாரியத்தார் வந்து நின்றார்கள். பத்தாண்டு வீட்டில் உட்கார வைத்தது தப்பு என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

ராஞ்சில் அவளுடைய வேலை என்ன? சமையல்தானே?

இந்தக் கேள்விதான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. சமையலும் உண்டு, ஆனால் ஆண்டு முழுவதையும் பாருங்கள். மே, ஜூனில் கன்றுகளுக்குச் சூடு போடுவார்கள். அக்கம்பக்கத்து ராஞ்ச்காரர்கள் எல்லோரும் ஒத்தாசைக்கு வருவார்கள், கூலி கிடையாது, அவர்கள் வீட்டு முறை வரும்போது நாம் போக வேண்டும். இருபது முப்பது பேருக்கு மதியச் சாப்பாடு அவள் பொறுப்பு. விடியுமுன் மாட்டிறைச்சியை அடுப்பில் ஏற்றிவிட்டு, பட்டிக்குப் போய்த் தடுப்பூசி போட்டு, கன்றுக்கணக்கை நோட்டில் எழுதி, ஆட்கள் கை கழுவ வருமுன் வீட்டில் இருப்பாள். ஜூலை, ஆகஸ்டில் குளிர்காலத் தீவனத்துக்குப் புல் அறுத்துப் போர் போடும் காலம். பள்ளி விடுமுறை என்பதால் டீச்சர் ‘சும்மா’ இருப்பாள், ஆகவே அறுத்த புல்லை வாரிக் குவிக்கும் வண்டியில் அவளை ஏற்றிவிடுவார்கள். அக்டோபரில் கன்று பிரித்து விற்பது. அப்போது பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது மார்ச். தலையீற்றுக் கிடாரிகளை விட்டு வைக்க முடியாது, இரவு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கணவன் பத்து மணிக்குப் பார்த்துவிட்டுப் படுத்தால் ஒரு மணி முறை அவளுடையது. கையில் விளக்கோடு பட்டியைச் சுற்றுவாள். வாலைத் தூக்கிக்கொண்டு தனியே ஒதுங்கி நிற்கும் கிடாரி எது என்று பார்ப்பாள். முன்னங்கால் இரண்டும் தெரிந்து, தலை வராமல் நின்றுவிட்டால் கொட்டகைக்கு ஓட்டி, கன்றின் கால்களில் சங்கிலி மாட்டி, மாடு முக்கும்போது மட்டும் சேர்ந்து இழுக்க வேண்டும். மாடு ஓய்ந்தால் கையும் ஓய வேண்டும். கன்று விழுந்ததும் மூக்கில் சளியைத் துடைத்து, வைக்கோலால் உடம்பைத் தேய்ப்பாள். பிறகு கன்றின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். வாய் சூடாக இருந்தால் தாயோடு விடலாம். ஜில்லென்று இருந்தால் நேரமில்லை. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி, குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் கிடத்தி, தாயிடம் கறந்த சீம்பாலைப் புகட்ட வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சீம்பால் உள்ளே போகாவிட்டால் கன்றுக்கு நோயை எதிர்க்கும் சக்தி வராது. நான்கு மணிக்குக் கன்று சமையலறைத் தரையில் வழுக்கி வழுக்கி எழுந்து நிற்கும். எட்டு மணிக்கு அவள் பள்ளியில் மணி அடித்தாக வேண்டும்.

சம்பளம் எதற்குப் போனது?

ஆரம்ப காலத்தில் மாதம் 40, 50 டாலர். 1930-களில் அதுவும் ஒழுங்காக வரவில்லை. பணத்துக்குப் பதில் ‘பிற்பாடு தருகிறோம்’ என்ற சீட்டைக் கொடுத்தார்கள். அதை மாற்றப் போனால் வங்கியும் கடைக்காரரும் பிடித்தம் போக மிச்சத்தைத் தருவார்கள். ஆனாலும் கன்று விலை சரிந்த ஆண்டில் மளிகைக்கும் பிள்ளைகளின் செருப்புக்கும் அந்தப் பணம்தான். ராஞ்சுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருமானம், டீச்சருக்கு மாதாமாதம். இடைப்பட்ட பதினோரு மாதமும் வீடு நின்றது எதன் மேல் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இன்றைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது: மருத்துவக் காப்பீடு. சொந்தத் தொழில் செய்யும் ராஞ்ச்காரர் காப்பீட்டைத் தானே பணம் கட்டி வாங்க வேண்டும், பள்ளி வேலையில் குடும்பத்துக்கே சேர்த்துக் கிடைக்கும். குதிரையிலிருந்து விழுந்தால் மருத்துவச் செலவைத் தாங்குவது மனைவியின் வேலைதான்.

அப்படியானால் பண்ணையில் அவளுக்குப் பங்கு இருந்ததா?

சட்டம் அவளை எப்படிப் பார்த்தது என்பதைச் சொல்கிறேன். கணவன் இறந்தால் கூட்டுப் பெயரில் இருந்த ராஞ்ச் முழுவதும் அவன் சம்பாதித்ததாகவே மத்திய வாரிசு வரிச் சட்டம் எடுத்துக்கொள்ளும். தன் பங்கு என்று விதவை சொன்னால், தான் பணம் போட்டதைக் காட்ட வேண்டும். முப்பது ஆண்டு கன்று இழுத்ததற்கும் புல் வாரியதற்கும் ரசீது ஏது? சம்பளச் சீட்டு வைத்திருந்த டீச்சராவது ஏதோ காட்ட முடிந்தது. வெளியில் வேலைக்குப் போகாதவளுக்கு அதுவும் இல்லை. வரி கட்ட நிலத்தை விற்க வேண்டிய நிலை. ‘விதவை வரி’ என்றே இதற்குப் பெயர் விழுந்தது.

இதை மாற்றக் கிளம்பியவர்களும் நெப்ராஸ்காப் பெண்கள்தான். 1976-இல் சிட்னி என்ற சிற்றூரில் பண்ணைப் பெண்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். டோரிஸ் ராயல் என்ற பண்ணை மனைவி நாடு முழுவதும் கையெழுத்து இயக்கம் நடத்தினார். 1976-இல் சட்டம் கொஞ்சம் இளகியது. 1981-இல் கணவன் மனைவிக்கிடையே சொத்து போவதற்கு இருந்த வரியே எடுக்கப்பட்டது.

அரசுக் கணக்கெடுப்பிலாவது அவள் பெயர் வந்ததா?

அமெரிக்க வேளாண் கணக்கெடுப்பு, பண்ணை நடத்துபவர் ஆணா பெண்ணா என்று கேட்டதே 1978-இல்தான். அப்போதும் பண்ணைக்கு ஒருவர் பெயர் மட்டும். ஒன்றுக்கு மேற்பட்டவரைச் சொல்ல இடம் விட்டது 2002-இல். பள்ளிப் பதிவேட்டில் மட்டும் நூறு ஆண்டாக அவள் கையெழுத்து இருந்து வந்திருக்கிறது.

தனிமை?

உண்டு. பக்கத்து வீட்டு விளக்குக்கூடக் கண்ணில் படாது. 1935-இல் பத்துப் பண்ணையில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. அதற்கு வெகு முன்பே முள்கம்பி வேலியையே தொலைபேசிக் கம்பியாக்கிப் பேசியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் எல்லா வீட்டிலும் அடிக்கும், எல்லோரும் எடுத்துக் கேட்பார்கள். மழை பெய்து கம்பி நனைந்தால் பேச்சு நின்றுவிடும்.

சொந்தப் பிள்ளைகளுக்கு அவளேதான் டீச்சரா?

பல வீடுகளில் அப்படித்தான். பள்ளி எல்லைக்குள் நுழைந்ததும் “அம்மா” கிடையாது, மற்றவர்களைப் போலவே கூப்பிட வேண்டும். எட்டாம் வகுப்பு முடிந்தால்தான் பிரச்சினை. உயர்நிலைப் பள்ளி ஐம்பது, அறுபது மைல் தள்ளி நகரத்தில். அம்மா அங்கே வாடகைக்கு வீடு பிடித்துத் திங்கள் முதல் வெள்ளி வரை பிள்ளைகளோடு இருப்பாள், அப்பா ராஞ்சில் தனியாக. சனி ஞாயிறு வந்து ஒரு வாரத்து வேலையை முடித்துவிட்டுத் திரும்புவாள்.

அந்தப் பள்ளிகள் இப்போது இருக்கின்றனவா?

மொன்டானாவில் இன்னும் பல இருக்கின்றன. நெப்ராஸ்காவில் எட்டாம் வகுப்பு வரை மட்டும் நடத்தும் சிறு கிராமப் பள்ளி மாவட்டங்களை (பள்ளிகளை நிர்வகிக்கும் தனி அமைப்புகளை) பெரியவற்றோடு இணைக்க 2005-இல் மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டது. 2006 கோடையில் அவை கலைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் பொதுவாக்கெடுப்பு நடந்து, அந்தச் சட்டம் வேண்டாம் என்று மக்கள் வாக்களித்தார்கள். அதற்குள் மாவட்டங்கள் போய்விட்டன, பல பள்ளிகள் பூட்டியாகிவிட்டது.

கட்டடங்கள் என்ன ஆயின?

சில அருங்காட்சியகத்துக்குப் போயின. மற்றவற்றை ஏலத்தில் விட்டார்கள். ஒரே அறைக் கட்டடம், அடியில் உத்திரம் கொடுத்துத் தூக்கி வண்டியில் ஏற்றிவிடலாம். பெரும்பாலும் பக்கத்து ராஞ்ச்காரர்தான் எடுப்பார். தானியம் கொட்டி வைக்க, சேணம் மாட்டி வைக்க, மார்ச்சில் குளிரில் விறைத்த கன்றைக் கிடத்தி வைக்க. உள்ளே போய்ப் பார்த்தால் சுவரில் கரும்பலகை அப்படியே இருக்கும். அதில் எந்தக் கிடாரி எந்தத் தேதியில் ஈனும் என்று சாக்கட்டியால் எழுதி வைத்திருப்பார்கள்.